பக்கவாதம் பற்றிய ஆய்வுச் செய்தியைப் படிப்பது எப்படி: நோயாளியின் வீட்டாருக்கு ஒரு வழிகாட்டி

என் அம்மாவுக்கு வலப்பக்கம் செயலிழந்து பேச்சும் போன இரண்டாம் நாளிலிருந்தே, பெரம்பூரில் இருந்த எங்கள் வீட்டாரின் கைப்பேசிகளுக்கு ஆய்வுகள் வந்து குவியத் தொடங்கின. ஸ்டெம் செல் ஊசி போட்டுக்கொண்ட ஒருவர் எழுந்து நடந்துவிட்டார் என்றது ஒன்று. இருபத்து நான்கு மணி நேரம் வரை பயமில்லை என்று புதிய ஆய்வு சொல்கிறது என்றது இன்னொன்று. புறா ரத்தத்தைத் தடவச் சொன்ன உறவினர்கூட, அதற்கும் எங்கோ ஆராய்ச்சி நடந்திருப்பதாகத்தான் சொன்னார். ஆய்வு என்ற சொல்லுக்கு நம்மிடையே அவ்வளவு மதிப்பு இருக்கிறது. அந்த மதிப்புக்கு உரிய ஆய்வு எது, உரியதே ஆனாலும் அது நம் வீட்டில் படுத்திருப்பவருக்குப் பொருந்துமா என்று பிரித்துப் பார்க்க எனக்கு ஓராண்டுக்கு மேல் ஆயிற்று. மருத்துவம் படிக்காத ஒருவர் அதே வேலையை ஒரு மாலைப்பொழுதில் செய்து முடிப்பதற்கான வழியை இங்கே எழுதுகிறேன்.

தொடங்குமுன் ஓர் எச்சரிக்கை. வாய் ஒரு பக்கம் கோணினால், தூக்கிய கை தானாகக் கீழே இறங்கினால், பேச்சு குழறினால், அது எதையும் படிப்பதற்கான நேரம் அன்று. 108-ஐ அழைத்து, சி.டி. ஸ்கேன் எடுக்க வசதியுள்ள மருத்துவமனைக்கு உடனே புறப்பட வேண்டிய நேரம். வாயில் தண்ணீரோ பழச்சாறோ ஊற்றாதீர்கள். விழுங்கும் திறன் போயிருந்தால் அது நுரையீரலுக்குள் இறங்கிவிடும். ஆஸ்பிரின் மாத்திரையும் கொடுக்காதீர்கள். மூளையின் ரத்தக் குழாய் அடைத்திருக்கிறதா, வெடித்து ரத்தம் கசிந்திருக்கிறதா என்பது ஸ்கேனுக்குப் பிறகே தெரியும், கசிந்திருந்தால் அந்த மாத்திரையே கேடாக முடியும். அவர் கடைசியாக நல்லபடியாக இருந்ததை யார், எத்தனை மணிக்குப் பார்த்தார்கள் என்பதை மட்டும் ஒரு தாளில் எழுதி எடுத்துச் செல்லுங்கள். இந்த வழிகாட்டியில் அந்த மணி திரும்பத் திரும்ப வரும்.

முதலில் கேட்க வேண்டிய நான்கு கேள்விகள்

எந்தச் சிகிச்சை ஆய்வாக இருந்தாலும், அதன் முடிவைப் பார்க்கும் முன் நான்கு விவரங்களைத் தேடுங்கள். யாரைச் சேர்த்துக்கொண்டார்கள்? நோய் தாக்கி எத்தனை மணி நேரத்துக்குள் அல்லது எத்தனை நாளுக்குள் சேர்த்தார்கள்? எதனோடு ஒப்பிட்டார்கள்? எந்த அளவுகோலால், எத்தனையாவது நாளில் அளந்தார்கள்? இந்த நான்கும் இல்லாத செய்தியை அப்படியே தள்ளிவிடலாம். அதில் இழப்பு ஒன்றும் இல்லை.

இருபத்து நான்கு மணி நேரச் செய்தியையே எடுத்துக்கொள்வோம். அது பொய்யன்று. 2018-இல் வெளியான 'டான்' என்ற ஆய்வில், கடைசியாக நல்லபடியாகக் காணப்பட்டதிலிருந்து 6 முதல் 24 மணி நேரம் கடந்தவர்களுக்கு, தொடை வழியாகக் குழாயைச் செலுத்தி மூளைக் குழாயில் சிக்கிய ரத்தக்கட்டியை வெளியே எடுத்தார்கள். மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோது, பிறர் தயவின்றி அன்றாட வாழ்க்கையை நடத்தக்கூடியவர்கள் சிகிச்சை பெற்ற குழுவில் நூற்றுக்கு 49 பேர். பெறாத குழுவில் நூற்றுக்கு 13 பேர். பக்கவாத மருத்துவத்தில் இவ்வளவு பெரிய வேறுபாடு அரிது. ஆனால் முதல் கேள்வியைக் கேளுங்கள். அந்த 206 பேரும் பெரிய குழாய் ஒன்று அடைபட்டவர்கள். அதோடு, உடலில் தெரியும் பாதிப்பு பெரிதாக இருந்தும் மூளையில் ஏற்கெனவே செத்துப்போன பகுதி சிறிதாகவே இருப்பதாக ஸ்கேனில் தெரிந்ததால் பொறுக்கி எடுக்கப்பட்டவர்கள். பக்கத்துச் சிறு குழாய்கள் வழியே ஓரளவு ரத்தம் கிடைத்துக்கொண்டிருந்ததால் அவர்களுடைய மூளை மெதுவாகவே அழிந்துகொண்டிருந்தது. பெரும்பாலோருக்கு அந்தப் பேறு வாய்ப்பதில்லை. பெரிய குழாய் அடைபட்டவருக்கு ஒவ்வொரு நிமிடமும் சுமார் 19 லட்சம் நரம்பணுக்கள் அழிகின்றன என்று 2006-இல் கணக்கிட்டார்கள். ஆகவே 'டான்' ஆய்வு, நேரம் கடந்து வந்தவர்களைக் கைவிட்டுவிடாதீர்கள் என்று மருத்துவமனைக்குச் சொன்ன செய்தி. நிதானமாக வரலாம் என்று நமக்குச் சொன்னதாக அதை வாசிப்பது ஆபத்தான வாசிப்பு.

அளவுகோலை அறிந்துகொள்ளுங்கள்

"நல்ல பலன்" என்று ஆய்வு சொல்லும்போது அது எந்தப் பலன் என்று தெரிந்தாக வேண்டும். பக்கவாத ஆய்வுகளில் மிகப் பெரும்பாலானவை ராங்கின் அளவுகோலைப் பயன்படுத்துகின்றன. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் ஜான் ராங்கின் என்ற மருத்துவர் 1957-இல் உருவாக்கிய அளவுகோலைப் பிற்காலத்தில் சற்றுத் திருத்தி அமைத்துக்கொண்டார்கள். அதில் 0 என்றால் நோயின் சுவடே இல்லை. 1 என்றால் சிறு அறிகுறி இருந்தாலும் முன்பு செய்த வேலையெல்லாம் செய்ய முடிகிறது. 2 என்றால் பழைய வேலைகளில் சிலவற்றைச் செய்ய முடியவில்லை, ஆனால் தன் காரியத்தைத் தானே பார்த்துக்கொள்கிறார். 3 என்றால் சில காரியங்களுக்கு உதவி வேண்டும், நடப்பதற்கு மட்டும் ஆள் வேண்டாம். 4 என்றால் நடக்கவும் குளிக்கவும் ஆள் வேண்டும். 5 என்றால் படுக்கை. 6 என்றால் மரணம். பெரும்பாலும் நோய் தாக்கிய 90-ஆம் நாளில் இதை அளப்பார்கள்.

சில ஆய்வுகள் 0, 1 இரண்டை மட்டும் நல்ல பலன் என்று எண்ணும். சில ஆய்வுகள் 2-ஐயும் சேர்த்துக்கொள்ளும். இரு வேறு ஆய்வுகளின் விழுக்காடுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடும் முன், கோடு எங்கே கிழிக்கப்பட்டது என்று பாருங்கள். அதைவிட முக்கியம், வீட்டில் இருக்கும் நமக்குக் கோடு வேறு இடத்தில் இருக்கக்கூடும். லிப்ட் இல்லாத மூன்றாம் மாடி வீட்டில் இருப்பவர்களுக்கு 4 என்பதற்கும் 3 என்பதற்கும் உள்ள வேறுபாடுதான் உலகம். இரவில் கழிவறைக்குப் போக யாரையும் எழுப்ப வேண்டாம் என்ற நிலை வந்தாலே வீட்டின் பாதிச் சுமை இறங்கிவிடும். ஆய்வோ 3-ஐயும் 4-ஐயும் ஒரே கூடையில் போட்டு, "நல்ல பலன் இல்லை" என்று கணக்கெழுதியிருக்கலாம். ஏழு படிகளிலும் எத்தனை பேர் என்று காட்டும் பட்டைப் படம் பெரும்பாலான ஆய்வுக் கட்டுரைகளில் இருக்கும். அதைத் தேடிப் பார்ப்பவர் கட்டுரையின் பாதியைப் படித்தவர் ஆகிவிடுகிறார்.

இந்த அளவுகோல் பேச்சைத் தனியாக அளப்பதில்லை என்பது என் மனக்குறை. நடையும் கையும் தேறிய என் அம்மா, பேத்தியின் பெயரைச் சொல்ல முயன்று வேறு எதையோ சொல்லிவிட்டு அழுத நாட்களுக்கு ராங்கின் அளவுகோலில் ஓர் எண்ணும் இல்லை. பேச்சு இழந்தவருக்கான சிகிச்சை பற்றிப் படிக்கிறீர்கள் என்றால், பேச்சுக்கென்றே உள்ள சோதனையால் அளந்தார்களா என்று பாருங்கள். அந்தச் சோதனை எந்த மொழியில் நடந்தது என்றும் பாருங்கள்.

விழுக்காட்டை நூறு பேராக மாற்றுங்கள்

செய்திகளில் வரும் "30 விழுக்காடு அதிகம்" என்பது எதைவிட அதிகம் என்ற கேள்வியை நம்மிடம் விட்டுவிடும். ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி மருந்தை நிலைநாட்டிய அமெரிக்க ஆய்வு 1995-இல் வெளியானது. 624 பேர், எல்லோரும் மூன்று மணி நேரத்துக்குள் சேர்க்கப்பட்டவர்கள். மருந்து பெற்றவர்கள் ஊனமின்றியோ மிகச் சிறு ஊனத்தோடோ தேறும் வாய்ப்பு குறைந்தது 30 விழுக்காடு அதிகம் என்றார்கள். இதை நூறு பேராக மாற்றினால், அந்த ஆய்வின் இரண்டாம் பகுதியில் மூன்றாம் மாத முடிவில் ராங்கின் 0 அல்லது 1 என்ற நிலையை அடைந்தவர்கள் மருந்து பெற்றவர்களில் நூற்றுக்கு 39. பெறாதவர்களில் நூற்றுக்கு 26. அதாவது நூறு பேருக்கு ஊசி போட்டால் கூடுதலாக 13 பேர் முழுமையாகவோ கிட்டத்தட்ட முழுமையாகவோ தேறினார்கள். ஏறத்தாழ எட்டுப் பேருக்கு ஒருவர். மற்ற ஏழு பேரில் சிலர் மருந்து இல்லாமலேயே தேறியிருப்பார்கள், சிலர் மருந்து கொடுத்தும் தேறவில்லை.

இதே கணக்கைத் தீமைக்கும் போடுங்கள். மூளைக்குள் அறிகுறியோடு கூடிய ரத்தக்கசிவு மருந்து பெற்றவர்களில் நூற்றுக்கு 6.4 பேருக்கும், பெறாதவர்களில் நூற்றுக்கு 0.6 பேருக்கும் ஏற்பட்டது. ஆயினும் மூன்று மாதத்தில் இறந்தவர்கள் மருந்து பெற்ற குழுவில் கூடிவிடவில்லை: நூற்றுக்கு 17 பேர், மற்றக் குழுவில் 21 பேர். அவசர சிகிச்சைப் பிரிவில் மருத்துவர் ஒரு தாளை நீட்டி, "ரத்தம் கசியும் ஆபத்து உண்டு, கையெழுத்துப் போடுங்கள்" என்று சொல்லும்போது, அவர் மனத்தில் இருப்பது இந்தத் தராசுதான். அதன் இரண்டு தட்டையும் சொல்ல அவருக்கு நேரம் இருக்காது. கசிவு என்ற ஒரு தட்டை மட்டும் கேட்டுவிட்டு, பெரியப்பா வரட்டும், அவரைக் கேட்டுக்கொண்டு முடிவு செய்யலாம் என்று காத்திருந்து நேரத்தைத் தவறவிட்ட குடும்பங்களை நான் வராந்தாவிலேயே பார்த்திருக்கிறேன். மருந்தின் பயன் நேரம் ஆக ஆகக் குறைந்துகொண்டே வரும்; 2008-இல் வந்த ஐரோப்பிய ஆய்வு 3 முதல் 4.5 மணி நேரத்தில் கொடுத்தும் பயன் உண்டு என்று காட்டியது, ஆனால் அங்கே வேறுபாடு 52.4-க்கும் 45.2-க்கும் என்று சுருங்கியிருந்தது. நூற்றுக்கு ஏழு பேர்.

சிறிய ஆய்வு, பெரிய ஆய்வு

புதிய சிகிச்சை எதுவும் முதலில் சிறிய ஆய்வில்தான் மின்னும். பிரான்சில் 118 பேரிடம் நடந்த 'ஃபிளேம்' என்ற ஆய்வு 2011-இல் வெளியானது. மனச்சோர்வுக்குக் கொடுக்கும் ஃபுளுவாக்செட்டின் மாத்திரையை, பக்கவாதத்தால் கை கால் விழுந்தவர்களுக்கு மூன்று மாதம் கொடுத்துப் பார்த்ததில், மாத்திரை பெற்றவர்களின் தசை இயக்க மதிப்பெண் கூடியிருந்தது. உலகெங்கும் நம்பிக்கை பிறந்தது. பிறகு பிரிட்டனில் 3,127 பேரைச் சேர்த்து, குலுக்கல் முறையில் பிரித்து, பாதிப் பேருக்கு அதே மாத்திரையும் பாதிப் பேருக்கு மருந்தே இல்லாத போலி மாத்திரையும் ஆறு மாதம் கொடுத்தார்கள். 'ஃபோக்கஸ்' என்ற அந்த ஆய்வு ராங்கின் அளவுகோலில் எந்த வேறுபாட்டையும் காணவில்லை. மனச்சோர்வு குறைந்தது உண்மை. எலும்பு முறிவு மட்டும் நூற்றுக்கு 1.5-இலிருந்து 2.9 ஆகக் கூடியது. அடுத்து 2020-இல் வந்த வேறு இரண்டு பெரிய ஆய்வுகளும் இதையே உறுதி செய்தன. ஆகவே, ஓர் ஆய்வில் நூறு சொச்சம் பேர், அளந்தது விரல் அசைவின் மதிப்பெண் என்றால், அதை ஒரு நல்ல கேள்வியாக எடுத்துக்கொள்ளுங்கள். பதிலுக்கு இன்னும் சில ஆண்டுகள் பொறுத்திருக்க வேண்டும்.

சென்னையில் ஏறக்குறைய எல்லா டிஸ்சார்ஜ் சம்மரியிலும் நான் பார்க்கும், மூளை தேறுவதற்கென்று கொடுக்கும் சிட்டிகோலின் மாத்திரைக்கும் இந்தக் கதை உண்டு. பழைய சிறிய ஆய்வுகள் நம்பிக்கை தந்தன. ஜெர்மனி, ஸ்பெயின், போர்ச்சுகல் ஆகிய நாடுகளில் 2,298 பேரை வைத்து நடந்து 2012-இல் வெளியான 'இக்டஸ்' ஆய்வில், ஆறு வாரம் அந்த மருந்தைப் பெற்றவர்களும் போலி மருந்தைப் பெற்றவர்களும் 90-ஆம் நாளில் ஒரே நிலையில்தான் இருந்தார்கள். தீமை இல்லை, பயனும் தெரியவில்லை. இதைப் படித்துவிட்டு மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். மருந்துச் சீட்டில் உள்ளவற்றில் எது உயிர் காப்பது, எது விட்டால் விடலாம் என்று மருத்துவரையே கேளுங்கள். மாதக் கடைசியில் பணம் முட்டும்போது நம்மவர்கள் விலை கூடிய மாத்திரையைத் தொடர்ந்து வாங்கிவிட்டு, ஒன்றிரண்டு ரூபாய் ரத்த அழுத்த மாத்திரையை "அளவு சரியாகத்தானே இருக்கிறது" என்று விட்டுவிடுகிறார்கள். ஆய்வோ நேர் எதிர்ப்பக்கம் நிற்கிறது. பக்கவாதமோ சற்று நேரத்தில் விலகிவிட்ட பக்கவாத அறிகுறியோ முன்பு வந்த 6,105 பேரிடம் நடந்து 2001-இல் வெளியான 'புரோகிரஸ்' ஆய்வில், ரத்த அழுத்த மாத்திரை பெற்றவர்களில் நான்கு ஆண்டுகளில் மீண்டும் பக்கவாதம் வந்தவர்கள் நூற்றுக்கு 10. போலி மாத்திரை பெற்றவர்களில் 14. அந்த மாத்திரை பெற்றவர்களில் அழுத்தம் இயல்பாக இருந்தவர்களும் இருந்தார்கள். அலுப்பூட்டும் இந்த எண்ணை யாரும் வாட்ஸ்அப்பில் அனுப்புவதில்லை. மாதாமாதம் வாங்கப் போக முடியாதவர்கள், 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் ரத்த அழுத்தம், சர்க்கரை மாத்திரைகளை வீட்டுக்கே பெறலாம். இயன்முறை சிகிச்சையும் அதில் உண்டு.

ஸ்டெம் செல் விஷயத்தில் வெளிநாட்டைத் தேடிப் போக வேண்டியதில்லை. இந்தியாவிலேயே ஐந்து மையங்களில் 120 பேரிடம் குலுக்கல் முறையில் ஆய்வு நடந்து 2014-இல் முடிவு வந்தது. நோயாளியின் சொந்த எலும்பு மஜ்ஜையிலிருந்து எடுத்த உயிரணுக்களை ரத்தநாளம் வழியாகச் செலுத்திப் பார்த்தார்கள். ஆபத்தில்லை, ஆனால் ஆறு மாதத்தில் அன்றாடச் செயல்பாட்டில் வேறுபாடும் இல்லை. ரத்த நோய்களுக்கான எலும்பு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சையைத் தவிர மற்றவற்றுக்கு ஸ்டெம் செல்லைப் பதிவு செய்த ஆய்வுக்கு வெளியே கொடுக்கக் கூடாது என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டுதல் சொல்கிறது. நான்கு லட்சம் கொண்டுவந்தால் அம்மா பேசுவார் என்று நகரின் ஒரு மருத்துவ மையத்தில் எங்களிடம் சொன்னபோது இது எனக்குத் தெரியாது. நகையை எடுத்துக்கொண்டு அடகுக் கடை வாசல் வரை போய்விட்டுத் திரும்பினோம். கடை அன்று பூட்டியிருந்ததுதான் காரணம்.

வேறுபாடு இல்லை என்ற முடிவை எப்படி வாசிப்பது

எனக்கு மிகவும் பயன்பட்டவை வேறுபாடு இல்லை என்று முடிந்த ஆய்வுகளே. அவற்றையே மக்கள் தவறாகவும் வாசிக்கிறார்கள்.

நம் மருத்துவமனைகளில் நோயாளியின் கட்டிலருகே இருக்கும் வீட்டாரை அட்டெண்டர் என்பார்கள். தற்செயலாக அதே ஒலியில் 'அட்டெண்ட்' என்று பெயர் கொண்ட ஆய்வு அந்த அட்டெண்டரைப் பற்றியதுதான். இந்தியாவில் இயன்முறை சிகிச்சையாளர்கள் குறைவு என்பதால், வீட்டில் உள்ள ஒருவருக்குப் பயிற்சி கொடுத்தால் நோயாளி நன்றாகத் தேறுவாரா என்று மருத்துவர் ஜெயராஜ் துரை பாண்டியன் உள்ளிட்டோர் 14 இந்திய மருத்துவமனைகளில் 1,250 நோயாளிகளிடம் பார்த்தார்கள். 2017-இல் வந்த முடிவு: ஆறாம் மாதத்தில் இறந்தவர்களும் பிறரைச் சார்ந்திருந்தவர்களும் சேர்ந்து பயிற்சி பெற்ற குழுவிலும் நூற்றுக்கு 47, பெறாத குழுவிலும் நூற்றுக்கு 47.

பயிற்சி வீண் என்பதா இதன் பொருள்? மூன்றாம் கேள்விக்குப் போங்கள்: எதனோடு ஒப்பிட்டார்கள்? ஒப்பீட்டுக் குழுவினருக்கும் மருத்துவமனையின் வழக்கமான சிகிச்சையும் பயிற்சியும் கிடைத்தன. அந்த வழக்கத்துக்கு மேல், குடும்பத்தாருக்குக் கூடுதலாகச் சொல்லிக் கொடுத்ததால் கூடுதல் நன்மை தெரியவில்லை. இயன்முறை சிகிச்சையே வேண்டாம் என்று யாரும் சோதிக்கவில்லை. இரண்டையும் குழப்பிக்கொண்டால் கே.கே. நகர் அரசு மறுவாழ்வு மருத்துவ நிறுவனத்துக்குப் போய்க்கொண்டிருப்பவர் போவதை நிறுத்திவிடுவார். சரியாக வாசித்தால் வேறு ஒரு பயன் உண்டு. நான் வேலையை விட்டுவிட்டு நாள் முழுவதும் கூடவே இருந்து கை காலை அசைத்துவிட்டிருந்தால் அம்மா இன்னும் சீக்கிரம் நடந்திருப்பாரோ என்று இரவெல்லாம் என்னை அரித்த கேள்வி, இந்த 47-ஐயும் 47-ஐயும் பார்த்த பிறகு ஓய்ந்தது.

'அவெர்ட்' என்ற ஆய்வையும் இப்படித் தவறாக வாசிக்க முடியும். சீக்கிரம் எழுந்து நடந்தவர்கள் சீக்கிரம் தேறுகிறார்கள் என்பது வார்டில் எல்லோர் கண்ணிலும் படுவது. ஆனால் இலேசாகத் தாக்கப்பட்டவர்தான் சீக்கிரம் எழுவார். எழுந்ததால் தேறினாரா, தேறக்கூடியவர் என்பதால் எழுந்தாரா என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. குலுக்கல் முறை இதற்காகத்தான் இருக்கிறது. 2,104 பேரைக் குலுக்கிப் பிரித்து, ஒரு குழுவினரை முதல் 24 மணி நேரத்துக்குள்ளேயே எழுப்பி அடிக்கடியும் அதிக நேரமும் நடமாட வைத்தார்கள். 2015-இல் வந்த முடிவு எதிர்பார்த்ததற்கு மாறானது: நல்ல நிலையை அடைந்தவர்கள் அந்தக் குழுவில் நூற்றுக்கு 46, வழக்கமான கவனிப்பில் 50. இதைப் பிடித்துக்கொண்டு வாரக்கணக்கில் படுக்க வைப்பதும் தவறு. வழக்கமான குழுவினரும் ஏறக்குறைய ஒரு நாளுக்குள் எழுப்பப்பட்டவர்களே. முதல் நாளில் சிகிச்சையாளர் சொன்ன அளவுக்கு மேல் நாமாக இழுத்து நடக்க வைக்க வேண்டாம் என்பதோடு அந்த ஆய்வு நிற்கிறது.

'ஸ்பிரிண்ட் இந்தியா' என்ற நம் நாட்டு ஆய்வை ஒரு வரியில் முடித்துவிடலாம்: பக்கவாதம் வந்தவர்களுக்கு, அது மீண்டும் வராமல் தடுக்க 12 மொழிகளில் குறுஞ்செய்தியும் காணொளியும் கையேடும் அனுப்பி 4,298 பேரிடம் சோதித்ததில், ஓராண்டில் மீண்டும் தாக்குதலோ மரணமோ நேர்ந்தவர்கள் 5.5 விழுக்காடு, அனுப்பாத குழுவில் 4.9, செய்தி அனுப்பியதால் மட்டும் நோய் தடுக்கப்படவில்லை.

எங்கே தேடுவது, எந்த வரிசையில் படிப்பது

கைப்பேசிக்கு வந்த செய்தியில் ஆய்வின் பெயரோ இதழின் பெயரோ இருந்தால், பப்மெட் என்ற இலவச மருத்துவக் கட்டுரைத் தளத்தில் அதை இட்டுத் தேடுங்கள். கட்டுரை முழுவதற்கும் பணம் கேட்டாலும் சுருக்கம் இலவசமாகக் கிடைக்கும். நான்கு கேள்விகளுக்கும் பெரும்பாலும் அதிலேயே பதில் இருக்கும். சுருக்கத்தின் கடைசி வரியான முடிவுரையைக் கடைசியாகவே படியுங்கள். முதலில் முறை, பிறகு எண்கள், பிறகு பக்கவிளைவு, அதன் பிறகு யார் பணம் கொடுத்தார்கள் என்ற வரி. முடிவுரையை முதலில் படித்தவர் மற்றவற்றை அதற்கு ஏற்பவே படிப்பார். இது என் சொந்த அனுபவம்.

இந்தியாவில் நடக்கும் ஆய்வுகளுக்கு, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2007-இலிருந்து நடத்திவரும் சி.டி.ஆர்.ஐ. என்ற பதிவேடு இருக்கிறது. நோயின் பெயரை இட்டால் எந்த மருத்துவமனையில், எந்த மருந்தை, எதனோடு ஒப்பிட்டு, எதை முதன்மைப் பலனாக அளக்கப் போகிறார்கள் என்பது தெரியும். ஆய்வு தொடங்கும் முன் பதிந்தார்களா, தொடங்கிய பின் பதிந்தார்களா என்பதும் அதில் எழுதியிருக்கும். முன்பே பதிந்து, அன்று சொன்ன பலனையே கடைசியிலும் அறிவித்தவர்களை நம்பலாம். அம்பு எய்த பிறகு சுற்றிலும் வட்டம் வரைபவர்கள் எந்தத் துறையிலும் உண்டு.

ஆய்வில் சேரச் சொன்னால்

சென்னையின் பெரிய மருத்துவமனைகளில், அரசுடையதோ தனியாருடையதோ, நம்மவரையே ஓர் ஆய்வில் சேர்க்கலாமா என்று கேட்கக்கூடும். பயப்பட வேண்டியதில்லை, உடனே தலையாட்டவும் வேண்டியதில்லை. தகவல் தாளைத் தமிழில் கேட்டு வாங்குங்கள், அது உங்கள் உரிமை. நோயாளியால் புரிந்துகொண்டு ஒப்புதல் தர முடியாத நிலையில், சட்டப்படியான உறவினர் கையெழுத்திட வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவர் என்றால் நடுநிலையான சாட்சி உடன் இருக்க வேண்டும். சேராவிட்டாலும், சேர்ந்து நடுவில் விலகினாலும், வழக்கமான சிகிச்சை குறையக் கூடாது. ஆய்வினால் உடலுக்குத் தீங்கு நேர்ந்தால் இலவச சிகிச்சையும் இழப்பீடும் தர வேண்டும் என்று 2019-ஆம் ஆண்டின் புதிய மருந்துகள் மற்றும் மருத்துவ ஆய்வு விதிகள் சொல்கின்றன. ஆய்வு என்று சொல்லிவிட்டு, சோதிக்கப்படும் மருந்துக்கே உங்களிடம் பணம் கேட்டால், பதிவேட்டின் எண்ணைக் கேளுங்கள். பெரும்பாலும் பேச்சு அங்கேயே நின்றுவிடும்.

ஓ.பி.யில் இரண்டு நிமிடம்

படித்ததையெல்லாம் மருத்துவரிடம் கொட்டினால் அவர் எரிச்சலடைவார். சென்ட்ரல் எதிரே இருக்கும் பெரிய ஆஸ்பத்திரியாக இருந்தாலும் தனியார் மருத்துவமனையாக இருந்தாலும், வெளியே எத்தனை பேர் காத்திருக்கிறார்கள் என்பது உங்களுக்கே தெரியும். ஒரு பக்கத் தாளில் நோயின் வகை, நல்லபடியாகக் காணப்பட்ட கடைசி மணி, சேர்த்த மணி, சேர்த்தபோது போட்ட என்.ஐ.எச். மதிப்பெண், ஸ்கேனில் கண்டது, இப்போதைய மாத்திரைகள், கடந்த இரு வாரங்களின் ரத்த அழுத்த அளவுகள் ஆகியவற்றை எழுதுங்கள். என்.ஐ.எச். மதிப்பெண் 0 முதல் 42 வரை போகும், கூடக் கூடப் பாதிப்பு அதிகம். நீங்கள் படித்த ஆய்வில் சேர்க்கப்பட்டவர்களின் மதிப்பெண்ணோடு இதை ஒப்பிட்டால், அவர்கள் நம்மவரைப் போன்றவர்களா என்பது அரை நிமிடத்தில் விளங்கும். சம்மரியில் அது இல்லையென்றால், டிஸ்சார்ஜ் ஆகும் முன்பே பயிற்சி மருத்துவரிடம் கேட்டு எழுதி வாங்கிவிடுங்கள்; பிறகு கேட்டால் கிடைப்பது குதிரைக்கொம்பு.

நாட்காட்டியில் தொண்ணூறாம் நாளை வட்டமிட்டு வைத்து, அன்று நம்மவர் ராங்கினின் எந்தப் படியில் நிற்கிறார் என்று நீங்களே குறியுங்கள். அதுவரை வந்த முன்னேற்றத்தின் வேகம் அதன் பிறகு பெரும்பாலோருக்குக் குறையும், ஆனால் நின்றுவிடாது. 2006-இல் வந்த 'எக்சைட்' ஆய்வில் சேர்க்கப்பட்ட 222 பேரும் நோய் தாக்கி மூன்று முதல் ஒன்பது மாதம் கடந்தவர்கள், நல்ல கையைக் கட்டிவைத்துத் தளர்ந்த கையால் வேலை செய்யப் பழகியதில் அவர்களுடைய கை தேறியது. அதற்கும் ஒரு நிபந்தனை இருந்தது: மணிக்கட்டையும் விரல்களையும் ஓரளவு விரிக்க முடிந்தவர்களையே சேர்த்துக்கொண்டார்கள். என் அம்மாவால் அன்று விரிக்க முடியவில்லை. அதனால் அடுத்த ஓ.பி.யில் அந்த ஒரே கேள்வியைத்தான் கேட்டேன்: விரல் இவ்வளவு விரிந்தால் இந்தப் பயிற்சியைத் தொடங்கலாமா, எவ்வளவு விரிய வேண்டும்? மருத்துவர் பேனாவை மூடி வைத்துவிட்டு, அம்மாவின் கையைத் தன் உள்ளங்கையில் எடுத்துக் கோணத்தைக் காட்டினார்.